நான் ‘ம்’ சொல்லாத பாட்டு

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் இந்த நோட்டைக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் தினமும் என்ன பேசுகிறார், எத்தனை தடவை பேசுகிறார் என்று எழுதி வரச் சொன்னாள். “எனக்கு மூணாங் கிளாஸ்தான்மா” என்றேன். “அது போதும் பாட்டி” என்றாள். போதுமோ என்னமோ. சுரங்கத்து லைன் பள்ளிக்கூடத்தில் மூன்றோடு நிறுத்தித் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் உட்கார வைத்தவள் என் அத்தை கன்னியம்மா. அவள் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவள்மேல் இருக்கிற கோபத்தை நான் இன்னும் விடவில்லை.

என் பெயர் யசோதரை. வீட்டில் சோதா. அவர் போதானந்தம், வயது எண்பத்தொன்று. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை பல் துலக்கும்போது விழுந்தார். பக்கவாதத்தில் வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்.

இன்று சொன்னது: சரி. ஒன்பது தடவை.

ஏப்ரல் 9, செவ்வாய்

தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. இட்லியா, கஞ்சியா? சரி. காலையில் கோபம் வந்து, “உங்களைத் தூக்கி சுரங்கத்துச் சயனைடு மண் மேட்டுல போட்டுட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். சரி என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெண் படிப்பாள் என்பதால் இதையும் எழுதுகிறேன். அவர் சும்மா இருந்த ஆளில்லை. தங்கவயல் சுரங்கத்தில் ஷிப்ட் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸ் கிளார்க். துரைமாரிடம் வேலை பார்த்து இங்கிலீஷ் கற்றார். எங்கள் புத்த விகாரத்துக்கு வந்த பிக்குகளிடம் பாலி மொழி கற்றார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பிக்குணிகள் பாடிய பாட்டுகளை இங்கிலீஷில் எழுத முப்பத்து நாலு வருஷமாக உட்கார்ந்தார். “நம்ம தமிழுல எழுதக் கூடாதா?” என்று கேட்டேன். “சோதா, சுரங்கம் மூடினதும் நம்ம புள்ளைங்க பெங்களூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிட்டாங்க. அதுங்க புள்ளைங்களுக்குத் தமிழ் படிக்க வரலை. அதுங்க நாம யாருன்னு எதுல தெரிஞ்சிக்கும்?” என்றார்.

அவர் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. பாலியைப் படிப்பார். அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பாட்டை நம் பேச்சில் எனக்குச் சொல்வார். நான் அரிசி களைவேன், மீன் அரிவேன். மனசில் பட்டால் ‘ம்’ என்பேன். அப்புறம்தான் இங்கிலீஷில் எழுதுவார். படவில்லை என்றால் நான் பேசாமல் இருப்பேன், அவர் வேறு மாதிரி சொல்வார். ஒரு பாட்டுக்கு நாலு மாசம் பிடித்தது. “உனக்கு ஒட்டலேன்னா எவனுக்கும் ஒட்டாது” என்பார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தொண்ணூற்றாறு பாட்டையும் எந்த மாசம் எதை அரியும்போது கேட்டேன் என்பதோடு சொல்வேன்.

தொண்ணூற்றைந்துக்கு ‘ம்’ சொன்னேன்.

சரி: பதினான்கு.

ஏப்ரல் 13, சனி

விசாகை பெங்களூர் ரயிலில் வந்தாள். மகள்தான் என்றாலும் பள்ளிக்கூட டீச்சர், வந்ததும் வகுப்பு எடுக்கிறாள். புத்தகம் போடுகிற பதிப்பகத்தார் மே நாலாம் தேதிக்குள் எல்லாப் பக்கமும் கேட்கிறார்களாம். அப்போதுதான் வைசாகப் பௌர்ணமிக்குப் புத்தகம் கைக்கு வரும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வெற்றுத் தாளாக இருக்கிறது.

“அடுத்த பௌர்ணமிக்கு வெக்கலாமே” என்றேன்.

“டாக்டர் இன்னா சொன்னாரு? இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னாரு. நைனா கையில புத்தகம் வர வேணாமா?”

“அந்த ஒரு பாட்டை விட்டுட்டுப் போடச் சொல்லு.”

“நைனா சம்மதிப்பாரா?”

அவர் கட்டிலில் இருந்து “சரி” என்றார். அது எதற்குச் சரி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் விசாகை அந்தப் பேரைச் சொன்னாள். பாலியும் இங்கிலீஷும் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தானேம்மா என்றாள். குணசீலன். ஒரு தடவை எழுதிவிட்டேன். இனி ‘அந்த ஆள்’ என்றே எழுதுவேன். என் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

போகும்போது வழக்கமான புராணம். “முன்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டா இன்னாம்மா? ராத்திரியில நாற்காலியை முட்டுக் குடுத்துப் படுக்கிற வீடு இந்த லைன்லயே இது ஒண்ணுதான்.” துருப் பிடித்தது என்று உன் நைனா கழற்றினார், அவ்வளவுதான் என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பாபாசாகேப் பிறந்தநாள் ஊர்வலம். ஒவ்வொரு வருஷமும் சிலைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன். புதுச் சட்டை, இடது கையில் சின்ன நீலக்கொடி. கூட்டத்தில் அந்த ஆளும் வந்தான். அறுபது வயது, தலை முழுக்க வெள்ளை. எங்கள் வீட்டெதிரில் நின்று கும்பிட்டான். இவர் கொடியை ஆட்டி “சரி, சரி” என்றார். நான் திரையை இழுத்துவிட்டேன்.

சரி: இருபது இருக்கும். எண்ணவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

படிக்கிற பெண்ணுக்குப் புரிய வேண்டும் அல்லவா? எழுதிவிடுகிறேன்.

1989 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. விகாரத்துக்குச் சிலோனிலிருந்து ஒரு பிக்கு வந்திருந்தார். இரண்டே நாள் இருப்பார். இவர் லீவு போட்டுவிட்டுப் பாட்டுகளில் சந்தேகம் கேட்கப் போனார். அண்ணன் அண்ணன் என்று இவர் பின்னாலேயே திரிந்த அந்த ஆளுக்கும் போக ஆசை. ஆனால் அவனுக்கு மதிய ஷிப்ட். எங்கள் ராகுலனிடம் வந்து, “தம்பி, என் ஷிப்டை நீ பாரு, நாளைக்கு உன்னுதை நான் பாக்கறேன்” என்றான். என் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. யார் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. காராமணிக் குழம்பு, முட்டை. சாப்பிட்டான். ஒன்றரைக்குப் போனான். அவ்வளவுதான்.

நாலு ஐம்பதுக்கு உள்ளே பாறை வெடித்தது. சங்கு ஊதிற்று. மூன்று பேர்.

ஷிப்ட் மாற்றாமல் இருந்தால் அந்த ஆள் போயிருப்பான். முப்பது வருஷமாக நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சுரங்கம் மூடிய பின் பெங்களூரில் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனாகப் போனான், விடிகாலை ரயிலில் பாலி இலக்கணம் படித்துக்கொண்டு போவான் என்று சொல்வார்கள். படிக்கட்டும். அதைப் படிக்கத்தானே என் பிள்ளையை அனுப்பினான்.

ஏப்ரல் 17, புதன்

ஒன்றரைக்குப் போனான் என்று நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் “சரி” என்கிறார், வாயை மூடிக்கொள்கிறார். இடது கையால் அலமாரியைக் காட்டுகிறார். மருந்தை எடுத்தேன். இல்லை. கண்ணாடி. இல்லை. ரேடியோவைக்கூட எடுத்துக் காட்டினேன். கடைசியில் அவர் பாட்டுகளை எழுதி வைக்கிற நீல அட்டை நோட்டு. மடியில் வைத்ததும் இடது கை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளியது. வெற்றுப் பக்கம் வந்ததும் நின்றது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்தப் பக்கத்துப் பாட்டைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொன்னார். ஐப்பசி மழை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எப்போதும் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர் அன்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிள்ளையை இழந்து பிக்குணியான ஒருத்தி பாடியது.

‘கதவைச் சாத்தியது யார் என்று தெருத்தெருவாகக் கேட்டேன். தாழ்ப்பாளின் வாசனை என் கையில் இருந்தது.’

நான் ‘ம்’ சொல்லவில்லை. எழுந்துபோய்க் கீரையைக் கழுவினேன். மறுவாரம் இன்னொரு தடவை சொன்னார். அடுத்த வருஷம் ஒரு தடவை. அப்புறம் விட்டுவிட்டார்.

விசாகைக்குப் போன் போட்டேன். “அந்த ஆளை வரச் சொல்லு. ஆனா நான் பேச மாட்டேன்.”

போனை வைத்த பிறகு கால் தோசை சாப்பிட்டார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அந்த ஆள் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். விசாகை உள்ளே கூப்பிட வேண்டியிருந்தது. இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். இவர் அழுதார். இத்தனை நாளில் அழுததில்லை.

நான் விசாகையிடம், “காப்பிக்குச் சக்கரை போடலாமான்னு கேளு” என்றேன்.

“சித்தப்பா இங்கதானேம்மா உக்காந்துகினு இருக்காரு?”

“நான் கேக்கலை. நீ கேளு.”

“சக்கரை வியாதி கீதுன்னு அண்ணிகிட்ட சொல்லும்மா” என்றான் அவன்.

“முன்னாடி நாலு ஸ்பூன் போட்டுக் குடிச்ச வாய்தானேன்னு சொல்லு” என்றேன்.

இப்படியே ஒரு மணி நேரம். விசாகை தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

அவன் முக்காலியை எடுத்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மெதுவாகப் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தான். அடுப்பில் பால் இருந்தது. பால் பொங்கி வந்தது. நான் ‘ம், ம்’ என்று இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவன் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான்!

“யாரைக் கேட்டு எழுதற?” முப்பது வருஷத்தில் நான் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. பாலால் வந்தது.

“நீங்க ‘ம்’ சொன்னீங்களே அண்ணி.”

“பாலுக்குச் சொன்னேன். அழி.”

அழித்தான். சனிக்கிழமை திரும்ப வருகிறேன் என்று போனான்.

சரி: இரண்டே தடவை. இரண்டும் அவனிடம்.

மே 1, புதன்

முன்கதவில் பழைய திருகாணி ஓட்டை நாலும் அப்படியே இருக்கின்றன. பெயின்ட் அடித்தும் தெரிகின்றன.

அந்தத் தாழ்ப்பாள் எண்பத்தொன்பதாம் வருஷப் பொங்கலுக்கு வாங்கியது. ஏழு மாசத்தில் எப்படித் துருப் பிடிக்கும்?

மே 4, சனி

இன்று கடைசி நாள். அவன் எழுதிக்கொண்டு வந்திருந்தான். இங்கிலீஷில் படித்துவிட்டு அர்த்தம் சொன்னான். “கடைசி வரியை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன் அண்ணி. தாழ்ப்பாள் வாசனைன்னு அப்படியே போட்டா இந்தக் காலத்துப் புள்ளைக்கு இன்னா புரியும்? அதுங்க வீட்டுக் கதவு கார்டு காட்டினா தொறக்குது. அதான் ‘கில்ட்’னு போட்டுட்டேன். குற்ற உணர்ச்சி என் கையில் இருந்ததுன்னு.”

“இன்னா உணர்ச்சி?”

“குற்ற உணர்ச்சி.”

“அதுக்கு வாசனை கீதா?”

“இல்லைதான்.”

“அப்ப அந்தப் பொம்பளை எதை மோந்து பாத்தா?”

அவன் பென்சிலை எடுத்தான். எனக்குத் தாங்கவில்லை. இவர் முப்பத்து நாலு வருஷம் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்ததில் இவன் வந்து கடைசியில் மண்ணைப் போடுகிறான்.

“இரும்பை அழுத்திப் புடிச்சிருக்கியா நீ? கையை மோந்து பாத்திருக்கியா? மீன் கழுவின கைகூட எலுமிச்சங்காய்க்கு அடங்கும். இது அடங்காது. புளி போட்டுத் தேச்சேன். சாம்பல் போட்டுத் தேச்சேன். சங்கு ஊதினப்ப இந்தக் கையாலதான் வாயைப் பொத்திக்கினேன், அப்பவும் மூக்குல அதே இரும்பு. நீ உணர்ச்சின்னு எழுதற! தாழ்ப்பாள்னா தாழ்ப்பாள்னு எழுதுடா!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். கதவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டேன், இதையும் எழுதுகிறேன். ஒன்றரைக்குப் போனவன் ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தான். “தலை சுத்துதும்மா, இன்னிக்கு வேணாம்” என்று தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். “வாக்குக் குடுத்துட்டு வேலைக்குப் பயந்து ஓடி வர்றியா? உங்கப்பன் பேரைக் கெடுக்காத” என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். இரண்டு தடவை தட்டினான். மூன்றாவது தடவை தட்டினால் திறக்கலாம் என்று தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டவில்லை.

அந்த ஆள், சீலன், சொன்னான்: “தெரியும் அண்ணி.”

“இன்னா தெரியும்?”

“அவன் நேரா சுரங்க ஷாஃப்டுக்குப் போகலை. வழியில விகாரத்துக்கு வந்தான். ‘நைனா, அம்மா கதவைச் சாத்திட்டாங்க, போய்த்தான் ஆவணும்போல’ன்னு சிரிச்சிகினே சொன்னான். அண்ணன் புத்தகத்துல இருந்து தலையைத் தூக்கல. ‘சரி’ன்னாரு. நானும் பக்கத்துல இருந்தேன். ‘நீ இரு தம்பி, என் ஷிப்டு, நானே போறேன்’னு நான் சொல்லியிருக்கணும். பிக்கு அப்பதான் ஒரு வரிக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சாரு. சொல்லாம உக்காந்துட்டேன்.”

பால்காரன் மணி கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

“ஏழாம் நாள் முடிஞ்சதும் நான் வந்து உங்க கால்ல விழறேன்னேன். அண்ணன் வேணாம்னாரு. தாழ்ப்பாளைக் கழட்டி ஒரு பேப்பர்ல சுத்திக் கையில வெச்சிருந்தாரு. ‘அவ உன்மேல கோவமா இருக்கட்டும்டா சீலா. அந்தக் கோவம் போச்சுன்னா அவ கையை அவ பாத்துடுவா. உன்னால தாங்க முடியுமா?’ன்னு கேட்டாரு. முடியும்னு சொல்லிட்டேன்.”

முப்பது வருஷம். அவன் பெண் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் மனைவி செத்தபோது போகவில்லை. எதிரே வந்தால் காறித் துப்பியிருக்கிறேன், இரண்டு தடவை, எந்த இடம் என்பதும் தெரியும்.

மணி மூன்று. ஐந்துக்குள் அனுப்ப வேண்டும் என்று விசாகை போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் எழுந்து அவர் கட்டிலுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“சரி.”

“நான்தான் அனுப்பினேனா?”

“சரி.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாமே?”

“சரி.”

“என் தப்பு இல்லைன்னு சொல்லுங்க.”

“சரி.”

எதைக் கேட்டாலும் அதுதான். இருபது விதமாகக் கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வருகிறது, வாய் கோணுகிறது, உள்ளே எதையோ தூக்கப் பார்க்கிறார், வருவது அந்த ஒன்று. ராகுலனுக்குச் சொன்னதும் அதுதான். எனக்குக் கேட்கவே வேண்டாம் என்று இருந்தது. விட்டு எழுந்தேன்.

அவர் இடது கை என் வலது மணிக்கட்டைப் பிடித்தது. மெதுவாக இழுத்தார். என் உள்ளங்கையைத் தன் மூக்கில் வைத்து மூச்சை இழுத்தார். வெங்காய வாசனைதான் இருந்திருக்கும், காலையில் சாம்பாருக்கு அரிந்தேன். அப்படியே வைத்துக்கொண்டு படுத்திருந்தார். சரி என்று சொல்லவில்லை.

சீலன் வாசல்படியில் நின்றான். நோட்டைப் பார்த்து முதலிலிருந்து சொன்னான். கதவு. தெரு. தாழ்ப்பாள். வாசனை. கை. எதையும் மாற்றவில்லை.

நான் ‘ம்’ என்றேன்.

மே 18, சனி. வைசாகப் பௌர்ணமி

விகாரத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லை. வியாழக்கிழமை இரண்டாவது தடவை வந்துவிட்டது. இப்போது அசைவது கண் மட்டும்தான்.

சீலன் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மார்பில் வைத்தான். அட்டை வழவழப்பாக இருக்கிறது, நழுவுகிறது. நான் பிடித்துக்கொண்டேன். அவர் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. நூற்றுப் பன்னிரண்டைத் திறந்து முகத்துக்கு நேரே காட்டினேன். சீலன் சர்க்கரை போட்டே காப்பி குடித்தான், நான் தடுக்கவில்லை.

பயிற்சிப் பெண்ணுக்கு: இன்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் அவர் காதில் தொண்ணூற்றாறையும் நம் பேச்சில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண்பத்தேழு ஆயிற்று. ஒவ்வொன்றும் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி அவர் கண்ணைப் பார்க்கிறேன்.